த்ராம்ப்லே: ஒரு மரத்தோப்பிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பப் பெயர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வந்து குடியேறும் எவரும் முதல் ஆண்டிலேயே இந்தப் பெயரைச் சந்தித்துவிடுகிறார்கள். பிள்ளையின் வகுப்பாசிரியர் த்ராம்ப்லே, பல் மருத்துவர் த்ராம்ப்லே, தொலைக்காட்சியில் பேசும் ஹாக்கி விளையாட்டுக்காரரும் த்ராம்ப்லே. "இவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்களா?" என்று மொன்றியாலில் உள்ள நண்பர்கள் என்னிடம் பல முறை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் "ஆம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பிரான்சின் ஒரு சிற்றூரும், 1647ஆம் ஆண்டின் ஒரு கூலி ஒப்பந்தமும், பாதி மறந்துபோன ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். அதனால் இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

த்ராம்ப்லே என்றால் என்ன பொருள்?

"நடுங்குமரத் தோப்பு" என்று சொல்லலாம். ஐரோப்பாவில் வளரும் ஒரு வகைப் பாப்லர் மரத்துக்குப் பிரெஞ்சில் "த்ராம்ப்ல்" என்று பெயர். நடுங்குவது என்ற வினைச்சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். தாவரவியல் பெயரான பாப்புலஸ் ட்ரெமுலாவும் அதையே சொல்கிறது. இந்த மரத்தின் இலைக்காம்பு நீளமாகவும், பக்கவாட்டில் தட்டையாகவும் இருக்கும். அதனால் மற்ற மரங்கள் அசையாமல் நிற்கும் மெல்லிய காற்றிலும் இதன் இலைகள் மட்டும் படபடக்கும். அரசமரத்தடியில் உட்கார்ந்து இலைச் சலசலப்பைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் வேலை செய்வது நீண்ட காம்புதான்.

"ஒரு குறிப்பிட்ட மரம் நிறைந்த இடம்" என்பதைச் சொல்ல லத்தீனில் "-ஏத்தும்" என்றொரு விகுதி இருந்தது. அது பிரெஞ்சுக்கு வந்தபோது "-ஏ" என்று தேய்ந்தது. ஓக் மரங்கள் இருந்த இடம் ஷெனே, ஆல்டர் மரங்கள் இருந்த இடம் ஒல்னே, ஆஷ் மரங்கள் இருந்த இடம் ஃப்ரெனே. அந்த வரிசையில் வருவதுதான் த்ராம்ப்லே. ஆலங்காடும் பனங்காடும் நமக்கு ஊர்ப்பெயர்களாக ஆன அதே வழி.

மரத்தோப்பின் பெயர் மனிதர்களுக்கு எப்படி வந்தது?

இடையில் ஊர் இருக்கிறது. தோப்பின் பெயர் முதலில் அதை ஒட்டிய பண்ணைக்கோ சிற்றூருக்கோ வந்தது. அங்கிருந்து வேறிடம் போனவரை "த்ராம்ப்லேக்காரர்" என்று அழைத்தார்கள். நடுக்காலத்தில் பிரான்சில் மக்கள்தொகை பெருகப் பெருக, ஒரே ஊரில் பத்து பியேர், பதினைந்து ஜான் என்று ஆகிவிட்டது. ஊர், தொழில், உடல் தோற்றம், தந்தையின் பெயர் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றை ஒட்டவைத்துத்தான் ஆளைப் பிரித்தறிந்தார்கள். அந்த ஒட்டு மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கும் இறங்கிக் குடும்பப் பெயராயிற்று.

1539இல் பிரான்சுவா மன்னர் பிறப்பித்த வில்லே-கொத்ரே ஆணை, பங்குக் (தேவாலய வட்டாரக்) குருமார்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் மாறாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1794 ஆகஸ்டு 23 அன்று வந்த சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எவரும் தாங்கக் கூடாது என்று முத்திரையே வைத்துவிட்டது.

பாரிஸ் விமான நிலையத்துக்கு அருகே த்ராம்ப்லே என்றொரு ஊர் இருக்கிறதே, அதுதான் பூர்வீகமா?

இல்லை. ஷார்ல் த கோல் விமான நிலையத்தின் ஒரு பகுதி த்ராம்ப்லே-ஆன்-பிரான்ஸ் என்ற நகராட்சிக்குள் அமைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் வடக்குப் பிரான்சு முழுவதும் இந்தப் பெயரில் ஊர்களும் பண்ணைகளும் சிதறிக் கிடக்கின்றன. தோப்பு இருந்த இடமெல்லாம் இந்தப் பெயர் தனித்தனியாகப் பிறந்திருக்கிறது. பிரெஞ்சு மன்னரின் முதலமைச்சரான ரிஷ்லியூ கர்தினாலின் வலக்கையாக இருந்த பாதிரியார் ழோசேஃப் கூடப் பிறப்பால் பிரான்சுவா லெக்லேர் த்யு த்ராம்ப்லே. அவருடைய குடும்பத்தின் சொத்தான த்ராம்ப்லே பண்ணையிலிருந்து வந்த ஒட்டு அது. கனடாவின் த்ராம்ப்லேக்களுக்கும் அவருக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பெயர் ஒன்று என்பதாலேயே பிரபுக்களின் வம்சத்தோடு தங்களை இணைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு உண்டு. உண்மையான கதை அதைவிட மேலானது என்பது என் எண்ணம்.

கனடாவுக்கு வந்த முதல் த்ராம்ப்லே யார்?

பியேர் த்ராம்ப்லே. நார்மண்டிக்குத் தெற்கே, இன்றைய ஓர்ன் மாவட்டத்தில் உள்ள பெர்ஷ் என்ற பழைய சீமையில், ராண்டொனே என்ற ஊரில் 1626இல் பிறந்தவர். தந்தை பிலிபேர், தாய் ஜான் கொவாஞே. உழவர் குடும்பம்.

பெர்ஷ் மிகச் சிறிய சீமை. ஆனாலும் கியூபெக்கின் அடித்தளத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் சீமையின் மொர்தாஞ் நகரோடு தொடர்புடைய மருத்துவரான ரொபேர் ஜிஃபார் என்பவருக்கு 1634இல் கியூபெக் நகருக்கு அருகே போபோர் நிலமானியம் கிடைத்தது. காட்டை வெட்டி உழுவதற்கு ஆள் வேண்டும். அவர் தம் பக்கத்து ஊர்க்காரர்களையே திரட்டினார். அருகில் இருந்த தூரூவ்ர் ஊரைச் சேர்ந்த ழுஷ்ரோ சகோதரர்களும் அதே வேலையில் இறங்கினார்கள். 1647இல் நொவேல் ழுஷ்ரோவிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு கப்பலேறியவர்களில் ஒருவர்தான் பியேர். இப்படி மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்களை "முப்பத்தாறு மாதக்காரர்கள்" என்றே அழைத்தார்கள். மூன்று ஆண்டுகள் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் ஏராளம். பியேர் திரும்பவில்லை.

தூரூவ்ர் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பார்க்க வேண்டும். ஒன்றில், அதே 1647இல் ஊரைவிட்டுப் புறப்பட்ட ழூலியேன் மெர்சியே விடைபெறும் காட்சி இருக்கிறது. இன்னொன்றில், அவருடைய வழித்தோன்றலும் கியூபெக்கின் முதல்வருமான ஒனோரே மெர்சியே 1891இல் அந்த ஊருக்குத் திரும்பி வந்து நிற்கும் காட்சி. போன ஆளும் திரும்பி வந்த பெயரும் ஒரே தேவாலயத்துக்குள் இருக்கின்றன.

அவருடைய மனைவி யார்?

இந்தக் கேள்வியை மிகச் சிலரே கேட்கிறார்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

அவர் பெயர் ஓசான் அஷோன். லா ரோஷெல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள சேன்-ரொகாசியேன் ஊரைச் சேர்ந்தவர், 1633இல் பிறந்தவர். ஓசான் என்ற பெயர் குருத்தோலை ஞாயிறன்று பாடப்படும் "ஓசன்னா"விலிருந்து வந்தது. மன்னரின் செலவில் சுமார் 800 பெண்கள் 1663 முதல் 1673 வரை கியூபெக்குக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதைப் பலர் அறிவார்கள். அவர்களை "மன்னரின் மகள்கள்" என்பார்கள். ஓசான் அவர்களில் ஒருவர் அல்லர். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, மன்னரின் சீதனம் எதுவும் இல்லாமல், அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்தவர். அப்போது குடியேற்றம் மிகச் சிறியது. பூர்வகுடிகளான இரோக்குவா மக்களோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் அங்கே போகத் துணிந்த பெண்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள்.

1657 அக்டோபர் 2 அன்று கியூபெக் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 31 வயது, பெண்ணுக்கு 24. கியூபெக் நகருக்குக் கிழக்கே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், லாஞ்ஜ்-கார்தியேன் பங்கில் குடித்தனம் போட்டார்கள். ஊர்ப்பெயரின் பொருள் காவல் சம்மனசு. அவர்களுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பியேர் 1680களின் இறுதியில் காலமானார். ஓசான் அவருக்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, பேரப்பிள்ளைகள் பலரைப் பார்த்து, 1707 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மறைந்தார்.

இந்தப் பெரும் குடும்பத்தின் சரிபாதி அவருடையது. ஆனால் அஷோன் என்ற பெயரை இன்று கியூபெக்கில் தேடினாலும் கிடைப்பது அரிது. குடும்பப் பெயர் ஆண்வழியில் மட்டுமே இறங்கும் ஊரில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆகிறது. ஆகவே "பியேர் த்ராம்ப்லேயின் வம்சம்" என்று எவராவது சொன்னால், "ஓசான் அஷோனின் வம்சமும்" என்று நான் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

எல்லா த்ராம்ப்லேக்களும் உண்மையிலேயே இந்த ஒரே தம்பதியிலிருந்து வந்தவர்களா?

கியூபெக்கிலும் அங்கிருந்து பரவிய இடங்களிலும் உள்ள த்ராம்ப்லேக்கள் ஏறக்குறைய அனைவரும் அவர்கள் வழியில் வந்தவர்கள்தான். இந்தப் பெயர் தனித்து நிற்பதும் இதனால்தான். ருவா என்ற பெயரும் கியூபெக்கில் பெருவாரியாக உண்டு. ஆனால் அது தொடர்பில்லாத பல ருவாக்கள் தனித்தனியே கப்பலேறி வந்ததால் பெருகிய பெயர். காஞோன் பெயரைப் பெர்ஷிலிருந்து வந்த சகோதரர்கள் சேர்ந்து பரப்பினார்கள். த்ராம்ப்லேக்கு ஒரே ஒரு தம்பதி. கியூபெக் புள்ளியியல் நிறுவனம் 2006இல் வெளியிட்ட குடும்பப் பெயர்ப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர்.

நடுங்குமரம் விதையால் மட்டும் பரவுவதில்லை. ஒரு மரத்தின் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பித் தோப்பாகும். கண்ணுக்குத் தெரியும் நூறு மரங்களும் ஒரே வேராக இருக்கக்கூடும். பெயரின் பொருளே இந்தக் குடும்பத்தின் வரலாறாக அமைந்துவிட்டது.

அப்படியென்றால் கியூபெக்கில் அதிக வழித்தோன்றல்கள் உள்ளவர் பியேர்தானா?

இல்லை. பெயரையும் ரத்தத்தையும் நாம் குழப்பிக்கொள்ளும் இடம் இது. மொன்றியால் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுக் குழு பழைய பங்குப் பதிவேடுகள் அனைத்தையும் இணைத்துக் கணக்கிட்டது. 1800க்கு முன் மணமானவர்களை மட்டும் எண்ணினால், மொர்தாஞிலிருந்து 1634இல் வந்த தச்சர் சக்காரி க்ளுத்தியேதான் முதலிடம். அவருடைய வழித்தோன்றல்கள் 10,000க்கும் மேல். அடுத்த இடத்தில் இருப்பவரும் பெர்ஷ்காரர், கொத்தனார் ழான் குயோன். அவர்களுடைய மகள்கள் வழியாகவும் குடும்பம் பெருகியது. ஆனால் மகள் வழியில் பெயர் இறங்குவதில்லை.

இன்றைய ஒரு த்ராம்ப்லே பதினொரு தலைமுறை மேலே ஏறிப் பார்த்தால், அந்தப் படியில் 2,048 முன்னோர்களுக்கான இடங்கள் இருக்கும். அவருடைய குடும்பப் பெயர் அவற்றில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது. மீதி 2,047 இடங்களில் க்ளுத்தியேயும் குயோனும் பூஷாரும், பெயர் தொலைந்த எத்தனையோ பெண்களும் இருக்கிறார்கள். அந்த இடங்களில் சிலவற்றில் ஒரே ஆளே திரும்பத் திரும்ப வருவதும் உண்டு.

ஒரே தம்பதியிலிருந்து இவ்வளவு பேர் எப்படிப் பெருகினார்கள்?

முதல் காரணம் எளிது. பெயரைச் சுமந்த நான்கு மகன்கள் வளர்ந்து திருமணம் செய்துகொண்டார்கள்: பியேர், மிஷேல், ழாக், லூயி. குழந்தைகள் பலர் இறந்துபோன காலத்தில் நான்கு ஆண் கிளைகள் தழைத்தது பெரும் பேறு. மிஷேல் மணந்தது பெத்தித்-ரிவியேரில் குடியேறிய க்லோத் பூஷாரின் மகளான ஜெனெவியேவை. த்ராம்ப்லேயும் பூஷாரும் அன்று தொடங்கிப் பல தலைமுறைகளுக்குச் சம்பந்திகளாகவே இருந்தார்கள்.

இரண்டாவது காரணம் இடம். கியூபெக் நகருக்குக் கிழக்கே மலைகள் நேராக ஆற்றில் இறங்கும் ஷார்ல்வ்வா பகுதியில் த்ராம்ப்லேக்கள் குடியேறினார்கள். மூத்த மகன் பியேர் 1710இல் லேஸ் எபூல்மோன் நிலமானியத்தைப் பெற்று மானியதாரரானார். கூலி ஒப்பந்தத்தில் வந்தவரின் மகன் மானியதாரர் ஆவது பிரான்சில் நினைத்துப் பார்க்க முடியாத ஏற்றம். "நிலச்சரிவுகள்" என்று பொருள்படும் அந்த ஊர்ப்பெயர், 1663 பிப்ரவரி 5 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தில் சரிந்த மலையிலிருந்து வந்தது. அந்தப் பகுதியே பல கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான ஒரு பெரும் பள்ளத்தில் அமைந்திருக்கிறது. லேஸ் எபூல்மோன் மலை அந்தப் பள்ளத்தின் நடுமேடு.

மூன்றாவது காரணத்தை 2011இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. ஷார்ல்வ்வாவிலும் அதன் வடக்கே உள்ள சாகெனேயிலும் வாழ்ந்தவர்களின் முழு வம்சாவளிகளை ஆராய்ந்தார்கள். குடியேற்றம் முன்னேறிக்கொண்டே போன எல்லையில் வாழ்ந்த பெண்கள், பின்னால் பழைய ஊர்களில் தங்கிவிட்டவர்களைவிட ஏறத்தாழ ஓராண்டு முன்னதாக மணம் செய்துகொண்டார்கள். சுமார் 15% அதிகம் பிள்ளைகள் பெற்றார்கள். புது நிலம் கையருகே இருந்ததால் மகனுக்குக் கலியாணம் செய்யச் சொத்துப் பிரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லைக்கு முதலில் போனவர்களின் மரபு பின்வந்த மக்கள்தொகையில் பல மடங்கு கூடுதலாகப் பதிந்தது. த்ராம்ப்லேக்கள் அந்த எல்லையிலேயே தலைமுறை தலைமுறையாக நின்றார்கள்.

சாகெனேயில் இந்தப் பெயர் இவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கு என்ன காரணம்?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷார்ல்வ்வாவின் குறுகிய பள்ளத்தாக்குகள் நிரம்பிவிட்டன. வடக்கே சாகெனே ஆற்றுப் பகுதி பூர்வகுடிகளான இன்னு மக்களின் மண். அங்கே வெளியார் உழவு செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. மென்மயிர் வணிகத்துக்காக ஹட்சன்ஸ் பே கம்பெனி அதைக் குத்தகைக்கு வைத்திருந்தது. 1837இல் ஷார்ல்வ்வாவின் லா மால்பே ஊர்க்காரர்கள் 21 பேர் பங்கு போட்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். மரம் அறுக்கும் உரிமத்தைக் காட்டி உள்ளே போவது, போனபின் நிலத்தையும் திருத்துவது என்பது அவர்கள் திட்டம். அவர்கள் அனுப்பிய முதல் குழு 1838 ஜூன் 11 அன்று கிராந்த்-பே வந்து சேர்ந்தது. சங்கத்தின் முகவர் அலெக்சி த்ராம்ப்லே. பட்டப்பெயர் பிகொத்தே, அதாவது அம்மைத் தழும்பு முகத்தார். பங்குதாரர்களில் இன்னும் சில த்ராம்ப்லேக்கள் இருந்தார்கள்.

மர வணிகத்தில் அவர்கள் தேறவில்லை. 1842இல் தங்கள் ஆலைகளை வில்லியம் பிரைஸ் என்ற பெரிய வணிகரிடம் கொடுத்துவிட்டார்கள். நிலத்தை விடவில்லை. 1852 அளவில் சுமார் 5,000 பேர் இருந்த பகுதியில் இன்று ஏறத்தாழ 2.75 லட்சம் பேர் வாழ்கிறார்கள். தொடக்கத்தில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஷார்ல்வ்வாக்காரர்கள். அதனால் அங்கிருந்த பெயர்கள் அப்படியே இங்கே மூட்டையோடு வந்து இறங்கின. 1870 மே மாதம் பரவிய பெருந்தீ ஊர்களைச் சுட்டெரித்தபோதும் அவர்கள் பின்வாங்கவில்லை. பிறகு காகித ஆலைகளும், 1920களில் அர்விடா நகரின் அலுமினிய ஆலையும் வந்தன. சாகெனேயின் பிள்ளைகள் மொன்றியாலுக்கும் கியூபெக் நகருக்கும் வேலை தேடிப் போனபோது பெயரும் கூடவே போயிற்று.

குடியேறியவர்களின் துணிச்சலைப் பாராட்டும்போது, அந்த ஆறும் காடும் அதற்கு முன்பே இன்னு மக்களின் வாழ்விடமாக இருந்ததை மறைத்துவிடக் கூடாது. அங்குள்ள ஷிகுத்திமி என்ற ஊரின் பெயரே அவர்களுடைய மொழியில் பிறந்ததுதான்.

ஊரில் பாதிப்பேர் த்ராம்ப்லே என்றால், யார் யார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

இரண்டு வழிகள். ஒன்று, பிகொத்தே போன்ற பட்டப்பெயர். சில பட்டப்பெயர்கள் தலைமுறைகளுக்கு இறங்கி ஒரு கிளையின் அடையாளமாகவே ஆயின. மற்றொன்று, தந்தை, பாட்டன் பெயர்களைச் சங்கிலியாகக் கோப்பது: "அலெக்சியின் ழோசேஃபின் லூயி" என்ற கணக்கில். கிழவிகள் ஒரு மூச்சில் நான்கு தலைமுறையைச் சொல்லிவிடுவார்கள் என்பார்கள். தந்தை பெயரையே தலைப்பெழுத்தாகக் கொண்ட நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அரசு அலுவலகத்துக்கு இது போதாது. கியூபெக்கின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எண், குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, பெயரின் முதல் எழுத்து, பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைகிறது. பெண்களுக்கு மாதத்தோடு 50 கூட்டுவார்கள். ஒரே நாளில் பிறந்த ழான் த்ராம்ப்லேயும் ழாக் த்ராம்ப்லேயும் இதுவரை ஒன்றாகவே இருப்பார்கள். கடைசியில் வரும் இரண்டு இலக்கங்கள்தான் அவர்களைப் பிரிக்கின்றன.

த்ராம்ப்லேயும் த்ராம்ப்லேயும் திருமணம் செய்துகொள்ளலாமா? மரபுநோய் வருமா?

தாராளமாகச் செய்துகொள்கிறார்கள். எட்டு, ஒன்பது தலைமுறைக்கு முன் பிரிந்த கிளைகள் அவை. நெருங்கிய உறவு என்றால் கத்தோலிக்கத் திருச்சபையிடம் விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்த விதிவிலக்குகள் திருமணப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருப்பதால் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அவை பொக்கிஷம்.

நோய்களைப் பற்றிச் சற்றுக் கவனமாகப் பேச வேண்டும். சாகெனே, ஷார்ல்வ்வா பகுதிகளில் சில அரிய மரபுநோய்கள் உலகின் பிற இடங்களைவிட அதிகம். முதல் வகை டைரோசினீமியா என்ற கல்லீரல் நோய்க்கான மரபணுவை அங்கே ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் சுமக்கிறார். தாய், தந்தை இருவரும் சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதை உறவுத் திருமணத்தின் விளைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், நெருங்கிய உறவுத் திருமணம் அங்கே மற்றப் பகுதிகளைவிட மிகுதியாக இல்லை என்று காட்டிவிட்டார்கள். சிலர் மட்டும் ஒரு புது நிலத்தில் வேரூன்றிப் பெருகும்போது, அவர்களில் எவரோ தற்செயலாகச் சுமந்து வந்த மரபணுவும் கூடவே பெருகுகிறது. இதை நிறுவனர் விளைவு என்கிறார்கள். த்ராம்ப்லே என்ற பெயர் இருப்பதாலேயே ஒருவருக்கு ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. மரபணு தாய்வழியாகவும் வரும். பெயர் அப்படி வராது.

கியூபெக்கில் பிறக்கும் குழந்தைகளுக்கு டைரோசினீமியா பரிசோதனை 1970இலிருந்து நடைபெறுகிறது. இன்று அதற்கு மருந்தும் உண்டு. இப்பகுதிகளில் பூர்வீகம் உள்ளவர்கள் குழந்தை பெற்றுக்கொள்ளும் முன், இதையும் சேர்த்து நான்கு நோய்களுக்கான சுமப்புப் பரிசோதனை செய்துகொள்ள அரசே ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த ஊர் மக்கள் தங்கள் வரலாற்றை மறைக்காமல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டதால் கிடைத்த நன்மை இது. எனக்கு அவர்கள்மேல் பெரும் மதிப்பு உண்டு.

அமெரிக்காவில் ட்ராம்ப்லி, ட்ரம்ப்ளி என்ற பெயர்கள் இருக்கின்றனவே?

அவர்களும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். 1840க்கும் 1930க்கும் இடையில் சுமார் ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். லோவல், மான்செஸ்டர், வூன்சாக்கெட் போன்ற நெசவாலை நகரங்களில் அவர்களுக்கென்று தெருக்களே இருந்தன. ஆலைக் கணக்கரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளரும் காதில் விழுந்ததை எழுதினார்கள். பிரெஞ்சில் முதல் அசை மூக்கொலியோடு "த்ராம்" என்று ஒலிக்கும். எழுத்தைப் பார்க்காமல் கேட்டு எழுதிய ஆங்கிலம் பேசுபவர் அதில் "ஈ" (E) எழுத்துக்குப் பதில் "ஓ" (O) எழுத்தைப் போட்டார். எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் "ட்ரெம்ப்ளே" என்றார்கள். ஆங்கிலம் பேசும் கனடாவில் இன்றும் அந்த உச்சரிப்புதான். மிச்சிகனில் இந்தக் கிளை இன்னும் பழையது. டெட்ராய்ட் பிரெஞ்சுக் கோட்டையாக இருந்த 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கே த்ராம்ப்லேக்கள் போய்விட்டார்கள். அம்மாநிலத்தின் பே சிட்டியில், 1837இல் கட்டிய ட்ராம்ப்லி வீடு இன்றும் நிற்கிறது.

பிரான்சில் இந்தப் பெயர் எப்படி இருக்கிறது?

இருக்கிறது, ஆனால் சாதாரணமாக. பிரான்சின் பெரும்பெயர்களான மார்த்தேன், பெர்னார் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கவே முடியாது. பெர்ஷிலேயே தங்கிய உறவினர்களுக்கு நிரப்புவதற்குக் காலி நிலம் இல்லை. கோடைக்காலத்தில் ராண்டொனேயும் தூரூவ்ரும் தேடி வரும் த்ராம்ப்லேக்கள் பலரும் கியூபெக் உச்சரிப்பில் பேசுகிறவர்கள்.

புகழ்பெற்ற த்ராம்ப்லேக்கள் யார்?

நாடக ஆசிரியர் மிஷேல் த்ராம்ப்லேயை முதலில் சொல்வேன். 1942இல் மொன்றியாலின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, அந்தத் தெருப் பெண்களின் பேச்சுமொழியையே மேடையேற்றியவர். ஹாக்கியில் ஜே. சி. த்ராம்ப்லேயும் மாரியோ த்ராம்ப்லேயும் சாகெனே பக்கத்துப் பிள்ளைகள், இருவரும் மொன்றியால் கனேடியன்ஸ் அணிக்கு ஆடியவர்கள். 2002இல் மொன்றியாலின் மேயர் ஜெரால்ட் த்ராம்ப்லே. அதே ஆண்டு புதிதாக அமைந்த சாகெனே மாநகரின் மேயர் ழான் த்ராம்ப்லே. லான்ஸ்-சேன்-ழான் என்ற சாகெனேச் சிற்றூர் 1997இல் வாக்கெடுப்பு நடத்தி, தெனி த்ராம்ப்லே என்ற கலைஞரைத் தன் ஊருக்கு மன்னராகவே தேர்ந்தெடுத்தது. ஊருக்கு வருவாயும் பெயரும் தேட அவர்கள் கண்ட வழி அது.

திருமணமான பெண்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொள்கிறார்களா?

1981 ஏப்ரல் முதல் கியூபெக்கில் கணவன், மனைவி இருவரும் பிறப்புப் பெயரையே சட்டப்படி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்குத் தந்தை பெயர், தாய் பெயர், அல்லது இரண்டையும் இணைத்து வைக்கலாம். ஆனால் இரண்டு பகுதிக்கு மேல் போகக் கூடாது. உண்மையில் ஓசானும் தம் வாழ்நாள் முழுவதும் பதிவேடுகளில் ஓசான் அஷோனாகவே இருந்தார். கத்தோலிக்கப் பதிவேடுகள் பெண்ணைக் கன்னிப்பெயரிலேயே எழுதிவந்தன. கியூபெக் வம்சாவளி இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதற்கு இந்த நல்ல வழக்கம்தான் முதல் காரணம்.

என் மருமகள் த்ராம்ப்லே. பேரப்பிள்ளைகளுக்காக அவள் பக்க வம்சாவளியைத் தேட எங்கே தொடங்குவது?

அவளுடைய தாத்தா பாட்டியின் திருமணத்திலிருந்து. இருவர் பெயரும், நடந்த ஊரும், ஆண்டும் தெரிந்தால் போதும். கியூபெக்கின் திருமணப் பதிவு ஒவ்வொன்றிலும் மணமக்கள் இருவருடைய பெற்றோரின் பெயர்களும் பொதுவாக இருக்கும். அதைப் பிடித்து முந்திய திருமணத்துக்கும், அங்கிருந்து அதற்கு முந்தியதற்கும் படிப்படியாக ஏறலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக்கு மொன்றியால் பல்கலைக்கழகத்தின் தரவுத்தளமும், பிந்திய காலத்துக்கு ஷிகுத்திமியில் 1970களில் தொடங்கிய பால்சாக் தரவுத்தளமும் இந்த வேலையின் தூண்கள். பொதுமக்கள் பயன்படுத்துவதற்குத் த்ரூவேன் பதிவேட்டுத் தொகுப்பு ஏற்றது.

எழுத்துப்பிழைகளுக்குத் தயாராக இருங்கள். ஒரே ஆளை மூன்று குருமார்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஒரே பங்கில், ஒரே ஆண்டில், இரண்டு ழோசேஃப் த்ராம்ப்லே மணமுடித்திருந்தால் மனைவியின் பெயரை வைத்தே பிரியுங்கள். இன்னொன்று, த்ராம்ப்லே வழியை மட்டும் பிடித்து ஏறி நிற்காதீர்கள். ஒவ்வொரு படியிலும் மணமகளின் பெயரையும் அவளுடைய பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மருமகள் த்ராம்ப்லேயாகப் பிறந்தவள். அவள் பாட்டி பூஷாராகவோ சிமாராகவோ காஞோனாகவோ இருந்திருக்கலாம். 1657ஆம் ஆண்டின் அந்தப் பதிவை எட்டும்போது, இரண்டு பெயர்களையும் தாளில் ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள்: பியேர் த்ராம்ப்லே, ராண்டொனே. ஓசான் அஷோன், சேன்-ரொகாசியேன்.